ஒல்லாந்து ஓவியங்களில் உணவும் கலமும்

பதினேழாம் நூற்றாண்டில் ஆர்லெம் நகர ஓவியர்கள் வளர்த்தெடுத்த ‘காலையுணவு’ ஓவியங்களை, ஒல்லாந்து மக்களின் அன்றாட உணவுக்கு நேரடிச் சான்றாகக் கொள்வார் உளர். இக்கருத்து மறு ஆய்வுக்கு உரியது.

பீட்டர் கிளாசு 1627இல் தீட்டிய ஓவியமொன்று ஆம்சுடர்டாமிலுள்ள ரைக்சு அருங்காட்சியகத்தில் உள்ளது. மாவுறையிட்டுச் சுட்ட வான்கோழி இறைச்சியின்மேல் அப்பறவையின் தலையும் சிறகுகளும் பொருத்தப்பட்டுள்ளன. அருகே சிப்பிகள், பாதி தோலுரித்த எலுமிச்சை, சீனப் பீங்கான், நாட்டிலசு ஓட்டில் அமைந்த கிண்ணம் ஆகியன காணப்படுகின்றன. பஞ்சாங்கத்தினின்று கிழித்த தாளைச் சுருட்டி அதில் மிளகு வைக்கப்பட்டுள்ளது. இத்தாள் காலத்தின் நிலையாமையைக் குறிப்பதென உரை காண்பதுண்டு. எனினும், பழந்தாளில் பொட்டலம் கட்டுவது வணிகர் வழக்கம் என்பதையும் மறத்தலாகாது.

மிளகு என்றவுடன் மலையாளக்கரை நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின், 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பெனி கொச்சியைக் கைப்பற்றியது 1663இல்தான். 1627ஆம் ஆண்டளவில் அது வாங்கிய மிளகில் பெரும்பகுதி சாவகம், சுமத்திரா ஆகிய தீவுகளினின்றே வந்தது. ஆதலின் இவ்வோவியத்தை மலையாள மிளகு வரலாற்றின் ஆவணமாகக் காட்டுதல் பொருந்தாது.

பீங்கானின் வரலாறு வேறு. 1603இல் சிங்கப்பூர் அருகே ஒல்லாந்தர் கைப்பற்றிய ‘சாந்தா கத்தரீனா’ என்னும் போர்ச்சுகீசியக் கப்பலின் சரக்கு, 1604இல் ஆம்சுடர்டாமில் ஏலம் விடப்பட்டது. கொள்ளைப் பொருளாக வந்த பீங்கானே செல்வர் இல்லங்களில் அதன் மீதான வேட்கையைப் பெருக்கிற்று. 1644இல் மிங் அரசு வீழ்ந்தபின் சீன வரவு தடைப்பட, டெல்ஃப்ட் நகரக் குயவர் அதனைப் போன்ற கலங்களை மிகுதியாகச் செய்தனர். அங்ஙனமிருந்தும் வில்லெம் கால்ஃபு 1669இல் தீட்டிய ஓவியத்தில் மிங் காலத்துச் சாடியே இடம்பெறுகின்றது. ஓவியர் காட்ட விழைந்தது வழக்கிலிருந்த கலத்தையன்று, விரும்பப்பட்ட கலத்தையே என்பது இதனால் பெறப்படும்.

அன்றாட உணவைத் தேடுவோர் கிளாசு 1636இல் தீட்டிய மற்றோர் ஓவியத்தை நோக்குதல் தகும். அதில் ஒரு மத்தியின மீன், ஒரு குவளை பீர், ஒரு ரொட்டி ஆகியவையே முதன்மை பெறுகின்றன. பீங்கானுக்கு அங்கு இடமில்லை.