உதகையில் ஒரு பச்சை மேசை

மாணவ நண்பர்களே! வரலாறு போர்க்களத்தில் மட்டுமா பிறக்கிறது? ஆட்டக் கூடத்திலும் பிறப்பதுண்டு என்பதை உதகமண்டலத்து ஆங்கில மன்றத்தை நினைக்குந்தோறும் உணர்கிறேன்.

சர் வில்லியம் ரம்போல்டு என்பார் 1830களில் எழுப்பிய மாளிகை, 1841-இல் வெள்ளையர் கூடும் மன்றமாயிற்று. இதற்கிடையே 1875-இல் ஜபல்பூர்ப் படைமுகாமில், மழைக்காலப் பொழுது போக்க, நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் பல வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடினார். பந்தைத் தவறவிட்ட தோழரை, புதிய பயிற்சி மாணவரைக் குறிக்கும் 'ஸ்னூக்கர்' என்ற கேலிச் சொல்லால் அழைத்தார். ஆட்டத்திற்கும் அதுவே பெயராயிற்று. 1882 அளவில் அதன் விதிகள் உதகை மன்றத்தில் எழுதி மாட்டப்பட்டன. அதைக் கண்டவர் யார் என்ற ஐயம் எழுந்தபோது, முதுமையுற்ற சேம்பர்லேனே 1938-இல் இதழொன்றுக்கு மடல் எழுதித் தம் உரிமையை நாட்டினார்.

மடல் எழுதியவர் பெயர் நிலைத்தது. மேசையருகே நின்று புள்ளி குறித்த நம் நாட்டுப் பணியாளரின் பெயரையோ, நான் படித்த ஏடுகளில் காணேன். எனினும் காலம் தன் கணக்கைத் தீர்த்தது. 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றவர் வில்சன் ஜோன்ஸ் என்ற இந்தியர். எழுதி வைத்தவரையே வரலாறு நினைக்கும். ஆதலின், நண்பர்களே, எழுதப்படாதவரைத் தேடுவது உங்கள் கடன்.