"அது தம்பிக்குத்தான் தெரியும்"

யாழ்ப்பாணத்தில் இன்று சிறிய புடைவைக் கடையிலும் பில் கணினியில்தான் அடிக்கப்படுகிறது. ஸ்டொக், கடன், சம்பளம் எல்லாமே அதற்குள் போய்விட்டன. ஆனால் நான் கண்ட பல கடைகளில், கணினியைப் பற்றிக் கேட்டவுடன் "அது தம்பிக்குத்தான் தெரியும்" என்கிறார் முதலாளி. அந்தத் தம்பி நாளை கட்டாருக்குப் போய்விட்டால்?

தகவல் தொழில்நுட்பத்தில் தங்கியுள்ள வியாபாரத்தை முகாமை செய்வதில் முதலில் பார்க்க வேண்டியது உரிமை. வட்ஸ்அப் இலக்கம், முகநூல் பக்கம், மென்பொருள் கணக்கு என்பன யாருடைய பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதியப்பட்டுள்ளன? எனக்குத் தெரிந்த ஒரு கடையில், பக்கத்தை ஆரம்பித்த ஊழியர் விலகியபோது கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. கடை வாடகை ஒப்பந்தத்தை ஊழியரின் பெயரில் எழுத எவரும் சம்மதிப்பதில்லை. இதில் மட்டும் ஏனோ கவலையீனம்.

அடுத்தது பிரதி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்களுக்குப் பிரதியே இருக்கவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையும் தள்ளிப்போடப்பட்டே வந்தது. என் பார்வையில் இது முகாமைத்துவத்தின் தவறு. பிரதி எடுக்கச் சொல்வதும், எடுக்கப்பட்டதா என்று கேட்பதும், புதுப்பிக்கப் பணம் ஒதுக்குவதும் முதலாளியின் வேலைகள்.

வேறிடத்தில் ஒரு பிரதி வைப்பதன் அருமையை எமது மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ் நகர முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, கடைகளோடு கடன் கொப்பிகளும் காணி உறுதிகளும் பின்னே கிடந்தன. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது பலருக்கு ஞாபகத்தில் மட்டுமே எஞ்சியது. இன்று தினசரிக் கணக்கை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வீட்டில் வைக்கலாம், இன்னொன்றை இணையச் சேமிப்பில் போடலாம். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும் வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான்.

குடும்பம் புத்தளத்தில், கடை யாழ்ப்பாணத்தில் என்று வாழ்பவர்கள் எம்மில் பலர். தொலைவிலிருந்து தொலைபேசியில் விற்பனையைப் பார்ப்பது அவர்களுக்குப் பெரும் வசதி. ஆனால் எல்லா ஊழியர்களும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தால் அந்தக் கணக்கை எப்படி நம்புவது? ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். பில் அடிப்பவருக்கு பில்லை அழிக்கும் அதிகாரம் இருக்கக்கூடாது. நேர்மையான ஊழியருக்கு வீண்பழி வராமல் காப்பதும் இதுவே.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எனவே பில் கொப்பி ஒன்று மேசையில் இருக்கட்டும். கையால் எழுதியவற்றைப் பின்னர் கணினியில் பதிவது யார் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பதிந்து வைக்கும் கடைகள், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்திருப்பது நல்லது. தேவையற்ற விபரத்தை வாங்காமல் விடுவதே இலகு.

புதிய மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னர் விற்பவரிடம் ஒன்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: "நாளை நான் உங்களை விட்டு விலகினால், என் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாகத் தருவீர்களா?"