கோழிக்கால் முத்திரை

சிங்கப்பூரின் சுங்கை ரோட்டுச் சந்தைக்கு ஆங்கிலத்தில் 'தீவ்ஸ் மார்க்கெட்' என்று பெயர். நம்மாட்கள் வாயில் அது திருட்டு மார்க்கெட். 1930களில் ரோச்சோர் கால்வாயோரம் தொடங்கி, 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்ட சந்தை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பழைய கைக்கடிகாரங்களையும் இசைத்தட்டுகளையும்தான் சொல்வார்கள். நான் போனது கைக்கருவிகளுக்காக. ஸ்பேனர், உளி, இழைப்புளி, பைப் ரெஞ்சு. தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கும் துருக்குவியலைக் குந்தி உட்கார்ந்து கிளறினால், இந்தத் தீவின் தொழிலாளர் வரலாற்றில் ஒரு துண்டு கையில் தட்டுப்படும். 'திருட்டு' என்ற பட்டம் எவ்வளவு தூரம் நியாயம் என்பதும் அந்த இரும்பிலேயே எழுதியிருக்கும்.

பழைய பிரிட்டிஷ் கருவிகளில் படிக்க நிறைய உண்டு. மார்ப்பிள்ஸ் உளியில் மூவிலை முத்திரை இருக்கும். ரெக்கார்ட் இழைப்புளி என்றால் 1931க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஸ்பேனரில் '1/2 W' என்று இருந்தால் அது விட்வொர்த் அளவு. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த திருகு முறை. அந்த அரை அங்குலம் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது, நட்டின் அகலத்தை அல்ல. ஸ்பேனரின் வாய் 0.92 அங்குலம் இருக்கும். தெரியாமல் வாங்கியவர் வீட்டில் போய் முழிப்பார். 1970இல் சிங்கப்பூர் மெட்ரிக் வாரியம் அமைத்து அளவுகளை மாற்றத் தொடங்கிய பிறகு இவற்றுக்கு வேலை குறைந்தது. "ஓல்டு சைஸ், சீப் சீப்" என்று கடைக்கார அங்கிள் தள்ளிவிடுவார்.

நான் தேடியது வேறொரு குறி. கோழி மிதித்த கால்தடம் போல மூன்று கோடுகள் கொண்ட சின்ன அம்பு. பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான அடையாளம் அது. இராணுவக் கருவிகளில் பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும். 1875ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பொதுப் பண்டகச் சட்டப்படி, சொத்தை மறைக்கும் நோக்கத்தோடு இந்தக் குறியை அழிப்பது குற்றம். அரசே பொருளைக் கழித்து விற்றால் எதிரே இன்னொரு அம்பைக் குத்திவிடுவார்கள். இரண்டு முனையும் முட்டிக்கொண்டு நிற்கும். துப்பாக்கிகளில் இதை அதிகம் பார்க்கலாம். ஆகவே அம்பின் மேல் அரம் ஓடியிருந்தால் சந்தேகப்படலாம். அம்புகள் முட்டி நின்றால் அது முறையாக வெளியே வந்தது. சுங்கை ரோட்டில் நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இந்த அம்புகள் எங்கிருந்து வந்தன? 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளமும் மற்ற பிரிட்டிஷ் முகாம்களும்தான் பெரிய ஊற்று. செம்பவாங்கில் மலையாளிகளும் தமிழர்களும் ஏராளமாக வேலை பார்த்தார்கள். 1968 ஜனவரியில் பிரிட்டன், 1971 இறுதிக்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. கப்பல் பட்டறை அதே ஆண்டில் சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறி செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. கிளம்பிப்போன படையினரின் சாமான்கள் சுங்கை ரோட்டில் குவிந்தன.

பட்டறையில் பிட்டராக இருந்த பெரியவர் ஒருவரைச் சந்தையில் அடிக்கடி பார்ப்பேன். வாங்க மாட்டார், எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். "ஸ்டோர்ல பித்தளை டோக்கன் குடுத்தாத்தான் ஸ்பேனர் தருவான் தம்பி. சாயங்காலம் திருப்பிக் குடுத்தாத்தான் டோக்கன் கையில வரும். இதுல எங்க திருடுறது?" என்றார். திருட்டே நடக்கவில்லை என்று அரம் ஓடிய இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் ஒரு சந்தைக்கே வைத்த பெயர், அங்கே வந்த ஒவ்வொரு பொருளின் மீதும், அதைப் பிடித்த கையின் மீதும் சேர்ந்து விழுந்தது.

குவியலில் பெரும்பகுதி அம்பே இல்லாத, சொந்தக் காசில் வாங்கிய கருவிகள். பிடியில் ஆணியால் குத்திய எழுத்துகள் இருக்கும். ஒரு சுத்தியலில் புள்ளி புள்ளியாக 'மு' என்று பார்த்தேன். இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால், வீட்டுச் சாமான்களை மொத்தமாக ஏலம் விடும் வழக்கம் உண்டு. அங்கே கருவி வாங்குகிறவருக்கு, அது யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. நம் அடுக்குமாடி வீட்டில் அப்பா போனதும் டூல் பெட்டி காராங் குனிக்காரரிடம் போகும். மலாயில் அதற்குக் கோணிச் சாக்கு என்று பொருள்; குனி நம் கோணிக்கு உறவுதான். அந்தக் கோணிக்குள் விழுந்ததும் பெயர் உதிர்ந்துவிடும், இரும்பு மட்டும் மிஞ்சும்.

சந்தை இருந்தவரை அந்த இரும்பாவது ஒரே இடத்தில் கிடைத்தது. அடையாளம் சொல்ல அந்தப் பெரியவரைப் போல யாராவது வந்தார்கள். இப்போது பழைய இரும்பு எடைக்குப் போகிறது. நம் தொழிலாளர் வரலாற்றைத் தொழிற்சங்கத் தலைவர்களை வைத்தும் வேலைநிறுத்தங்களை வைத்தும் எழுதுகிறோம், வேண்டியதுதான். முப்பது வருஷம் நட்டு முடுக்கியவரின் பெயர் அதில் வராது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே இடம் சுத்தியல் பிடியாக இருக்கலாம். வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், கோணிக்குள் போடும் முன் யாருடையது, எந்தப் பட்டறை, எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.