தோமையாரின் தடமும் செஞ்சிக் கோட்டையும்

இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான தோமையாரின் பெயரால் தென்னிந்தியாவில் நடைபெறும் திருப்பயணம் கடலில் தொடங்கித் தரையில் முடிகிறது. அவர் கி.பி. 52இல் மேற்குக் கடற்கரையில் கொடுங்கல்லூர் அருகே வந்து இறங்கினார், மலையாளக் கரையில் சமயப் பணி செய்தார், பின்பு தரைவழியே கிழக்குக் கரைக்கு வந்து கி.பி. 72இல் மயிலாப்பூரை அடுத்த மலையில் உயிர்நீத்தார் என்பது கிறித்தவ மரபு. இந்த இரு முனைகளுக்கும் இடையில் அவர் நடந்த பாதைக்குக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. ஆனால் அவரது கல்லறையைத் தேடியும், அதைச் சுற்றி வளர்ந்த சமூகத்துக்குப் பணியாற்றவும் வந்தவர்களின் பாதைக்கு எழுத்துச் சான்றுகள் உண்டு. அவற்றில் சில பக்கங்கள் செஞ்சிக்கு உரியவை.

கடல்வழி

தோமையாரின் பயணத்தைச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழி வழங்கிய பகுதியில் எழுந்தது. சீடர்கள் உலகின் திசைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டபோது இந்தியா தோமையாருக்கு விழுந்தது என்றும், போக மனமில்லாமல் தயங்கியவரை ஹப்பான் என்ற வணிகன் தச்சராக விலைக்கு வாங்கிக் கப்பலில் அழைத்து வந்தான் என்றும் அந்நூல் கூறுகிறது. குந்தபர் என்ற அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை அவர் ஏழைகளுக்கு வழங்கிவிட்டார் என்ற கதையும் அதில்தான் வருகிறது. வெறும் கற்பனைப் பெயராகப் பலகாலம் கருதப்பட்ட குந்தபர், 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த நாணயங்களாலும் தக்த்-இ-பாகி கல்வெட்டாலும் வடமேற்கு இந்தியாவை முதல் நூற்றாண்டில் ஆண்ட உண்மையான அரசன் என்று தெரியவந்தது. இதனால் கதை முழுவதும் வரலாறாகிவிடாது. ஆனால் அது நினைவில் நின்ற ஓர் அரசனைச் சுற்றி எழுதப்பட்டது என்பது உறுதிப்பட்டது.

கடல்பயணம் நடந்திருக்கக்கூடியதா என்ற கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. பருவக்காற்றின் போக்கை அறிந்த மாலுமிகள் அக்காலத்தில் செங்கடலிலிருந்து நேராக மேற்குக் கரையின் முசிறித் துறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். செங்கடல் வாயிலில் உள்ள ஒகேலிஸ் துறையிலிருந்து முசிறிக்கு 40 நாள் பயணம் என்று உரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. கிழக்குக் கரையில் புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் அதே காலத்து உரோமானியத் தொடர்புக்கான மட்பாண்டங்கள் கிடைத்தன. செஞ்சியிலிருந்து அரிக்கமேடு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

தரைவழி

மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு வர மலைத்தொடரைக் கடக்க வேண்டும். அதற்கு இயற்கை தந்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். கணவாயின் கிழக்கே கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் உரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்திருப்பது, வணிகச் சாத்துகள் இந்த வழியைப் பயன்படுத்தியதைக் காட்டுகிறது. இந்த வழியில் ஒரு வணிகக் கூட்டத்தோடு சேர்ந்து ஒருவர் கிழக்கே வந்திருப்பது அக்கால நிலைமைக்குப் பொருந்துகிறது. தோமையார் வந்தார் என்பதற்கு அது தனிச் சான்று ஆகாது.

மலையாளக் கரையில் அவர் ஏழு ஆலயங்களை நிறுவினார் என்பது மரபு. கொடுங்கல்லூர், பாலையூர், கோட்டக்காவு, கொக்கமங்கலம், நிரணம், நிலக்கல், கொல்லம் ஆகியவை அவை. இவற்றோடு கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் உள்ள 'அரைப்பள்ளி'யும் சேர்த்து எண்ணப்படுகிறது. கிழக்குக் கரையில் மூன்று இடங்கள் அவர் நினைவைத் தாங்குகின்றன. சைதாப்பேட்டை அருகே உள்ள சின்னமலையில் அவர் குகையில் தங்கி மறைந்திருந்தார். சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலையில் கொல்லப்பட்டார். மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது அந்த மரபின் வரிசை.

கல்லறையைத் தேடி வந்தவர்கள்

4ஆம் நூற்றாண்டில் கவிஞரும் மறைநூல் அறிஞருமான எஃப்ரேம், தோமையாரின் எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எதெஸ்ஸா நகருக்குக் கொண்டு வந்ததாகப் பாடினார். கி.பி. 384 வாக்கில் எகேரியா என்ற பெண் திருப்பயணி எதெஸ்ஸாவுக்குச் சென்று அவரது நினைவாலயத்தில் வழிபட்டார். அந்தத் திருப்பண்டங்கள் பின்னர் கியோஸ் தீவுக்கும், அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஒர்தோனாவுக்கும் சென்றன. எலும்புகள் மேற்கே போன பின்பும், முதல் கல்லறை இருந்த இந்திய மண்ணை நாடி வருவது நிற்கவில்லை. அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பிய தியோடர் என்பவரிடம் கேட்ட செய்தியை 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரகோரி எழுதி வைத்தார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, வணிகர் அதிகம் வராத சிறிய ஊராக அந்த இடத்தை வருணிக்கிறார். கிறித்தவர்களோடு இசுலாமியரும் அங்கே திருப்பயணமாக வந்தார்கள். புனிதர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று, நீரில் கரைத்துக் காய்ச்சல்காரருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மயில்கள் சூழ்ந்திருக்க வேண்டிக்கொண்டிருந்தவர் மீது, மயிலைக் குறிவைத்த வேடனின் அம்பு தவறிப் பட்டது என்ற கதையையும் அவர் அங்கே கேட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் சீனம் செல்லும் வழியில் 13 மாதம் இந்தியாவில் தங்கிய மோந்தெகொர்வினோ யோவான், தம்முடன் வந்த நிக்கோலாவை மயிலாப்பூர் ஆலயத்தில் அடக்கம் செய்துவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்.

போர்த்துகீசியர் 1523இல் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டிப் பார்த்து ஆலயத்தைப் புதுப்பித்தார்கள். 1547இல் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்துகள் பொறித்த பழைய கற்சிலுவை கிடைத்தது. கல்லறையில் வேண்டிக்கொள்ள வந்தவர்களில் பெயர்பெற்றவர் பிரான்சிஸ் சவேரியார். 1542இல் கோவாவில் இறங்கி முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அவர், 1545இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். காற்று எதிர்த்ததால் கரைக்குத் திரும்பித் தரைவழியே மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். நான்கு மாதம்போல் அங்கே தங்கி, எங்கே போவது என்று கல்லறையருகே வேண்டிய பிறகே கடல்கடந்து மலாக்காவுக்குப் புறப்பட்டார்.

செஞ்சியில் பிமெந்தா

சவேரியாருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், இயேசு சபையின் கோவா மாநிலப் பணிகளைப் பார்வையிட நியமிக்கப்பட்ட நிக்கோலாஸ் பிமெந்தா தெற்கே சுற்றுப்பயணம் வந்தார். மயிலாப்பூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களோடு நின்றுவிடாமல் அவர் உள்நாட்டிலும் பயணம் செய்தார். 1597இல் அவர் சிதம்பரத்தையும் செஞ்சியையும் பார்த்தார். அப்போது செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடருக்குக் கட்டுப்பட்டவர் என்றாலும், பெரும் நிலப்பரப்பைத் தம் ஆட்சியில் வைத்திருந்தார். சிதம்பரத்தில் கோவிந்தராசர் சந்நிதியை அவர் திருப்பணி செய்ததும், அதை எதிர்த்துத் தீட்சிதர் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதும் பிமெந்தாவின் கடிதத்தால் நமக்குத் தெரிகின்றன.

செஞ்சி பிமெந்தாவை வியக்க வைத்தது. இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது என்றும், லிஸ்பனைத் தவிரப் போர்த்துகல் நாட்டில் இதற்கு இணையான நகர் இல்லை என்றும் எழுதினார். நகரின் நடுவே இன்னொரு நகரைப் போலக் கோட்டை நின்றது. செதுக்கிய பெருங்கற்களால் எழுந்த உயர்ந்த மதில், அதைச் சுற்றி நீர் நிறைந்த அகழி, நடுவே கொத்தளங்களாகவும் காவற்கோபுரங்களாகவும் மாற்றப்பட்ட பாறைக்குன்று என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். விருந்தினருக்குக் கோட்டைக் கோபுரம் ஒன்றில் இடம் ஒதுக்கப்பட்டது. வெக்கை தாங்காமல் அவர்கள் தோப்பு ஒன்றுக்கு மாறிக்கொண்டார்கள். செஞ்சிப் பாறைகள் பகல் முழுதும் வாங்கும் வெயிலை இரவிலும் உமிழ்வதை இன்றைக்கும் அங்கே கோடையில் தங்குகிறவர்கள் அறிவார்கள்.

நாயக்கரைச் சந்தித்த காட்சியையும் அக்கடிதம் அருகிருந்து காட்டுகிறது. பட்டு விரிப்பின் மேல் இரண்டு திண்டுகளில் சாய்ந்தபடி அவர் இருந்தார். நீண்ட பட்டாடை உடுத்தியிருந்தார். மார்பில் முத்தும் மணியும் கோத்த பெரிய ஆரம் கிடந்தது. நீண்ட கூந்தல் உச்சியில் கொண்டையாக முடிந்து முத்துகளால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை மெல்லாததைக் கண்டு நாயக்கர் வியந்தார். பொன்னிழை நெய்த துணிகளைப் பரிசளித்து விடைகொடுத்தவர், தாம் புதிதாக எழுப்பிவந்த நகருக்கு ஒரு குருவை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். வெள்ளாற்று முகத்துவாரத்தில் உருவான அந்த நகரைப் பரங்கிப்பேட்டை என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். வைணவப் பற்றுள்ள ஓர் அரசர் தம் துறைமுக நகருக்குக் கிறித்தவக் குருவை அழைத்ததன் பின்னால் வணிகக் கணக்கும் இருந்திருக்கலாம். ஆலயமும் குருவும் இருந்தால் போர்த்துகீசிய வணிகர் அங்கே குடியேறுவார்கள். துறைமுகத்தில் பொருள் இறங்கினால் சுங்கம் செஞ்சிக் கருவூலத்துக்கு வரும். கருவூலக் கணக்கு எப்படியிருந்தாலும், அன்னியச் சமயத்தாரை மரியாதையோடு வரவேற்ற அந்த அவையின் பண்பு போற்றத்தக்கது.

பிமெந்தாவின் கடிதங்கள் 1600களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அச்சாயின. சாமுவேல் பர்ச்சஸ் 1625இல் வெளியிட்ட பயணத் தொகுப்பில் செஞ்சிப் பகுதி ஆங்கிலத்திலும் இடம்பெற்றது. நாயக்கர் காலச் செஞ்சியின் வரலாற்றை எழுதுவோருக்கு இது முக்கியமான சான்று. அப்போஸ்தலர் கல்லறையைச் சுற்றியெழுந்த ஒரு சமூகத்தை மேற்பார்வையிட வந்தவரின் எழுத்தால், கோட்டைக்குள் நடந்த வாழ்க்கையின் ஒரு பகுதி காப்பாற்றப்பட்டிருக்கிறது.

போர்கள் மாற்றிய வழி

அடுத்த நூற்றாண்டில் செஞ்சியும் மயிலாப்பூரின் சாந்தோமும் போரில் சிக்கின. செஞ்சி 1649இல் பிஜப்பூர்ப் படையிடம் வீழ்ந்தது. சாந்தோமை 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, கோல்கொண்டா, டச்சுப் படைகளின் முற்றுகைக்குப் பின் 1674இல் இழந்தார்கள். அங்கிருந்து வெளியேறிய பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரிக் குடியேற்றத்தை வளர்த்தார். அந்த நிலம் பிஜப்பூரின் ஆளுநர் ஷேர்கான் லோடியிடமிருந்து கிடைத்தது. செஞ்சிப் பகுதியின் கிறித்தவ வாழ்வு பிற்காலத்தில் புதுச்சேரியைச் சார்ந்து அமைந்ததற்கு இங்கே வித்து விழுந்தது.

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிக் கோட்டையை வலுப்படுத்தியதை மதுரை மறைத்தளத்து இயேசு சபைக் குருக்களின் கடிதங்கள் பதிவு செய்துள்ளன. அதன்பின் 1690 முதல் 1698 வரை முகலாயர் நடத்திய முற்றுகை இப்பகுதி ஊர்களைப் பெரிதும் வாட்டியது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பெற்றார்கள். கோட்டை அரசியல் முக்கியத்துவத்தை இழந்தது. சுற்றியிருந்த கிராமங்களில் கிறித்தவ வழிபாட்டிடங்கள் எழுந்தன. செஞ்சிக்கு வடக்கே சேத்துப்பட்டில், பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் தராஸ் அடிகளார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய லூர்து அன்னை ஆலயம் அவற்றுள் பெரியது. 1870களின் பஞ்சக் காலத்தில் மக்களிடையே உழைத்த அவரை 'வட ஆற்காட்டின் அப்போஸ்தலர்' என்றே அழைத்தார்கள்.

இன்றைய பயணம்

மயிலாப்பூரில் இன்று கல்லறை மீது நிற்கும் சாந்தோம் பேராலயம் 1896இல் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டது. 1956இல் பசிலிக்காவாக உயர்ந்தது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் வேண்டினார். மேற்குக் கரையில், 1953இல் இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்ட தோமையாரின் கை எலும்பு கொடுங்கல்லூரில் வைக்கப்பட்டிருக்கிறது. ஜூலை 3 தோமையார் திருவிழா. திருப்பயணிகள் மலையாளக் கரையின் ஆலயங்களைக் கண்டு, பாலக்காடு வழியாகக் கிழக்கே வந்து, சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் என்று பயணத்தை நிறைவு செய்யலாம்.

இந்த வரிசையில் செஞ்சியைச் சேர்ப்பவர்கள் குறைவு. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 155 கிலோமீட்டர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதிலுக்குள் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் இருக்கின்றன. அருகே மேல்சித்தாமூரில் சமண மடம் இருக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியர் படைத்தள நிலப்பரப்பின் பகுதியாகச் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த நிலப்பரப்பில் அடங்கும் 12 கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

தோமையார் செஞ்சி வழியாகப் போனார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. மரபை மரபாகவும் சான்றைச் சான்றாகவும் மதித்தாலே இப்பாதையின் பெருமை நிற்கும். மயிலாப்பூர்க் கல்லறைக்குச் செல்லும் திருப்பயணிகள் ஒரு நாளைச் செஞ்சிக்கு ஒதுக்க வேண்டும். அவர்களை அழைத்துச் செல்வோர் கோட்டை வாசலில் 1597ஆம் ஆண்டின் அந்தச் சந்திப்பைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

(தொடரும்)