ப்ளாப்

படம், ஒலி, பிடிஎஃப் போன்றவற்றை அப்படியே பைட்டுகளாகத் தரவுத்தளத்தில் வைக்கும் புலத்துக்கு ப்ளாப் என்று பெயர். 'பைனரி லார்ஜ் ஆப்ஜெக்ட்' என்பதன் சுருக்கம் என்றுதான் பலரும் படித்திருப்போம். உண்மையில் பெயர் முந்தியது, விரிவு பிந்தியது. டெக் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் ஸ்டார்க்கி, 1958இல் வந்த 'தி ப்ளாப்' படத்தில் ஆட்களை விழுங்கி விழுங்கிப் பருக்கும் கூழ்ப் பிண்டத்தை நினைத்தே இப்பெயரை வைத்தார். விரிவாக்கம் பிறகு ஒட்டவைத்தது.

பெயர் பொருத்தம்தான். உள்ளே இருப்பது என்ன என்று தரவுத்தளம் பார்ப்பதே இல்லை. எழுத்துக் குறிமுறை எதுவும் இதற்குக் கிடையாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வெறும் ப்ளாப் என்று அறிவித்தால் 65,535 பைட்டுதான் கொள்ளும். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்துக்கே அது போதாது. மீடியம்ப்ளாப் 16 எம்பி வரை, லாங்ப்ளாப் 4 ஜிபி வரை தாங்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதே வேலைக்கு இருப்பது பைட்டியா என்ற வகை. அங்கே ஒரு வரிசை ஏறத்தாழ 2 கேபியைத் தாண்டினால், பெரிய மதிப்பை அதுவே சுருக்கும்; அதுவும் போதாவிட்டால் துண்டாக்கித் தனி அட்டவணைக்கு அனுப்பிவிடும். மிக நல்ல ஏற்பாடு.

இத்தகைய கோப்புகளை எங்கே வைப்பது நல்லது என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2006இல் அளந்து பார்த்தபோது, 256 கேபிக்குக் குறைந்தவை தரவுத்தளத்திலும் 1 எம்பிக்கு மேற்பட்டவை கோப்பு முறைமையிலும் சிறப்பாக ஓடின. எங்கே வைத்தாலும், பட்டியல் காட்டும் திரைக்கு, எல்லாப் புலங்களையும் கேட்கும் 'செலக்ட் *' எழுதாதீர்கள்; யாரும் கேட்காத படமும் ஒவ்வொரு வரிசையோடும் இழுபட்டு வரும்.