வைரம் எந்தப் பக்கம்?

ஊரில் பழைய வீட்டைப் பிரித்தபோது, இறக்கிய பனங்கைகளை விறகுக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆசாரி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது பூரா வைரம். பனைக்கு வைரம் வெளிய, தேக்குக்கு உள்ள. அது தெரியாம அறுத்தா கட்டை வீணாப் போயிரும்."

கட்டையின் முற்றிய, உறுதியான பகுதிதான் வைரம். பழந்தமிழில் காழ். தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களைப் பிரிப்பதே இந்தக் காழை வைத்துத்தான்: வெளியே காழ் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். ஓலை, பாளை, ஈர்க்கு எல்லாம் புல்லுக்கு உரிய சொற்கள்.

தேக்கு பட்டைக்கு அடியில் புதுக் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகிறது. உள்ளே பழையது இறந்து வைரமாகிறது. பனையில் அப்படிப் பருமனைக் கூட்டும் அடுக்கு கிடையாது. நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கி நிற்கும்; நடுவில் வெறும் சோறு.

17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே விதையிலையைப் பார்த்துத் தாவரங்களைப் பிரித்தார். தொல்காப்பியம் பார்த்தது கட்டையை. 'அப்பவே நமக்கு சயின்ஸ் தெரியும்'னு ஸ்டேட்டஸ் போட இதைச் சொல்லவில்லை. இலக்கணம் எழுதியவர், மரம் அறுத்தவர் பேச்சுக்குக் காது கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பனங்கைகளை விற்கவில்லை. ஆசாரி அவற்றில் ஒரு பெஞ்சு செய்து தந்தார். அவர் மகன் ப்ளைவுட் கடையில் வேலை பார்க்கிறான். அங்கே வைரம் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை.