விதைப்பு நாளின் வரலாறு: வட இந்தியக் கோதுமையும் பின்பருவ வெப்பமும்

சிந்து ஆற்றுப் படுகையிலிருந்து வங்கம் வரை விரிந்து கிடக்கும் வண்டல் சமவெளியில் கோதுமைக்குக் கிடைப்பது இரண்டு வெயில் காலங்களுக்கு இடையே அகப்பட்ட ஒரு குறுகிய குளிர்காலமே ஆகும். மண்ணின் சூடு தணியுமுன் விதைத்தால் பயிர் போதிய அளவு தூர் கட்டாமல் விரைந்து கதிர் விட்டுவிடும். பங்குனியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கிய பின்னும் மணி முற்றாதிருந்தால், நான்கு மாத உழைப்பின் பலன் சில நாட்களில் சுருங்கிவிடும். பயிர் பூத்தது முதல் மணி முற்றும் வரையிலான நாட்களில் வெப்பம் பயிரின் தாங்குதிறனை மீறி உயர்வதையே வேளாண் அறிவியலார் பின்பருவ வெப்ப அழுத்தம் என்கின்றனர். இன்று பருவநிலை மாற்றத்தோடு சேர்த்தே இது பேசப்படுகிறது என்றாலும், இவ்வெப்பத்தோடு வட இந்திய உழவர் கொண்டிருந்த பழக்கம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. அவர்கள் அதற்கு எதிராகக் கையாண்ட முதன்மையான தற்காப்பு விதைக்கும் நாளைத் தேர்ந்துகொள்வதாக இருந்தது என்பதும், 1960களுக்குப் பின் அந்த நாள் அவர்கள் கையை விட்டுப் படிப்படியாக நழுவியது என்பதும் இவ்வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத பகுதிகள்.

வெப்பம் கோதுமையை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிந்தால்தான் விதைப்பு நாளுக்கு உள்ள எடை விளங்கும். கதிர் வெளிவந்து பூக்கும் தறுவாயில் வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால், மகரந்தத் துகள்கள் உயிர்ப்பை இழந்து, கதிரில் பிடிக்கும் மணிகளின் எண்ணிக்கை குறைகிறது. பூத்த பின் வரும் வெப்பம் எண்ணிக்கையை அவ்வளவாகத் தொடாமல் எடையைத் தொடுகிறது. மணி பால் பிடித்து, மாவுப் பதத்துக்கு வந்து, இறுகி முற்றும் காலத்துக்கு ஏற்ற சராசரி வெப்பநிலை 15 முதல் 20 பாகை வரை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் மணியின் எடை ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்குக் காரணம் இரண்டு: வெப்பம் பயிரின் வளர்ச்சியை முடுக்கிவிடுவதால் மணி நிரம்பும் நாட்கள் குறைகின்றன, அதே வேளையில், இலையிலிருந்து வந்து சேரும் சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றும் நொதி, அதாவது உயிர்வேதி வினையைத் தூண்டும் புரதம், சூட்டில் செயல்குன்றிவிடுவதால், குறைந்த நாட்களை விரைந்த சேமிப்பால் ஈடுகட்டவும் மணியால் இயலுவதில்லை. கதிருக்குச் சற்றுக் கீழே நிற்கும் கண்ணாடி இலை பச்சையத்தை முன்னதாகவே இழந்து மஞ்சளாகிறது. தண்டில் சேர்த்து வைத்த சர்க்கரை ஓரளவு கைகொடுத்தாலும் அது முழு ஈடாவதில்லை. இரவும் வெப்பமாக இருந்தால் பகலில் ஈட்டியதில் ஒரு பங்கைப் பயிர் தன் சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது. இறுதியில் களத்துக்கு வருவது சுருங்கிய, எடை குறைந்த மணி. மாவுச்சத்து குறைவதால் அதில் புரதத்தின் விழுக்காடு உயர்ந்து தோன்றும் என்றாலும், மூட்டைக் கணக்கில் உழவருக்கு நேர்வது இழப்பே.

இவ்வளவும் நிகழும் காலம் வட இந்திய விழா நாட்களாலேயே எல்லை கட்டப்பட்டிருக்கிறது எனலாம். ஹோலி நெருப்பில் இளங்கதிர்களை வாட்டி உண்ணும் வழக்கம் மணி பால் பிடித்து மாவாகும் பருவத்தைக் குறிக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பைசாகி பஞ்சாபில் அறுவடையின் வரவைக் குறிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் வீசும் மேல்காற்று, பிகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் 'பச்சுவா' எனப்படும் காற்று, எத்தகையதாக அமைகிறதோ அதைப் பொறுத்தே விளைச்சல் அமைந்தது. பஞ்சாபைவிடக் கிழக்குச் சமவெளியில் குளிர் முன்னதாகவே முடிந்துவிடுவதால், அங்கு இந்த நெருக்கடி எப்போதும் கூடுதலாகவே இருந்துவந்தது.

இந்த நெருக்கடிக்குள் பன்னெடுங்காலம் விளைந்து வந்த நாட்டுக் கோதுமை வகைகள் இயல்பாகவே விரைந்து முற்றுபவையாக அமைந்தன. பிந்தி முற்றிய பயிர் சுருங்கிய மணியைத் தந்து விதைக்கு உதவாமற் போக, முந்தி முற்றிய பயிரின் மணியே அடுத்த ஆண்டு விதையாகச் சென்றது. ஆண்டுதோறும் நிகழ்ந்த இந்தத் தெரிவைச் செய்தது உழவரின் கை பாதி, வெப்பம் பாதி. நீர்ப்பாசனம் அரிதாக இருந்த அந்நாளில், பருவமழை மண்ணில் விட்டுச்சென்ற ஈரத்தைத் தேடி, ஏரோடு கட்டிய குழாய் வழியாக ஆழமாக விதை போடப்பட்டது. ஈரம் வற்றுமுன் விதைத்தாக வேண்டியிருந்ததால், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் விதைப்பு முடிந்தது. ஈரத்துக்காகச் செய்த இந்த முன்விதைப்பே பங்குனி வெப்பத்திலிருந்தும் பயிரைக் காத்தது. விளைச்சல் குறைவுதான், ஆனால் அந்தக் குறைந்த விளைச்சலுக்கு மார்ச்சு மாதத்து வெப்பத்தால் நேரும் இடர் கட்டுக்குள் இருந்தது.

இந்திய வகைகளின் இந்த விரைவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கடந்து சென்ற கதை இங்கே விரிவாகச் சொல்லத் தக்கது. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்து, 1873இல் கோதுமை மீதான ஏற்றுமதி வரி நீங்கிய பின், கராச்சி, பம்பாய், கல்கத்தாத் துறைமுகங்களிலிருந்து கோதுமை பெருமளவில் பிரிட்டனுக்குப் போகத் தொடங்கியது. 1892இல் கீழ்ச் செனாப் கால்வாய் திறக்கப்பட்டு மேற்குப் பஞ்சாபின் தரிசுநிலங்கள் குடியேற்ற ஊர்களாக மாறிய போது இவ்வணிகம் மேலும் பெருகியது. வணிகத்தோடு விதையும் பயணம் செய்தது. ஆத்திரேலியாவில் வறட்சிக்கும் கோடைக்கும் அஞ்சிய பயிருக்கு மாற்றுத் தேடிய வில்லியம் ஃபாரர், இன்றைய உத்தரப் பிரதேசத்து ஊரொன்றின் பெயரைத் தாங்கிய 'எட்டாவா' என்னும் இந்தியக் கோதுமையைக் கலப்பில் பயன்படுத்தினார். அக்கலப்பின் வழியில் 1901இல் வெளிவந்த 'ஃபெடரேஷன்' அந்நாட்டில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட வகையாயிற்று. கனடாவில் சிக்கல் நேர்மாறானது: அங்கே பயிர் முற்றுமுன் உறைபனி வந்து தாக்கியது. 'ரெட் ஃபைஃப்' என்னும் வகையோடு 'ஹார்ட் ரெட் கல்கத்தா' என்னும் இந்தியக் கோதுமையைக் கனடிய வேளாண் ஆய்வாளர்களான சாண்டர்சு குடும்பத்தார் 1892இல் கலந்தனர். அதன் வழித்தோன்றல்களிலிருந்து சார்லசு சாண்டர்சு தேர்ந்தெடுத்த 'மார்க்விசு', பழைய வகையைவிட ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாக முற்றியதால், கனடியப் புல்வெளி மாநிலங்களைக் கோதுமைக் களஞ்சியமாக மாற்றியது. வெப்பத்துக்கு முந்திக்கொள்ளக் கங்கைச் சமவெளியில் உருவான பண்பு, பனிக்கு முந்திக்கொள்ளக் கனடாவுக்குப் பயன்பட்டது. இந்திய உழவரின் நூற்றாண்டுக்கால விதைத்தேர்வுக்கு உலகம் பட்டிருக்கும் இந்தக் கடன் பாடநூல்களில் இடம்பெறாதது வருந்தத் தக்கது.

இந்தியாவிலேயே கோதுமை முறையான ஆய்வுக்கு உட்பட்டது, அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்சு அளித்த நன்கொடையின் துணையோடு 1905இல் பிகாரின் பூசா என்னும் ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்ட பின்னரே. அங்கு பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடைய மனைவி கேப்ரியல் ஹோவர்டும் நாட்டின் கோதுமை வகைகளைத் தொகுத்து ஆராய்ந்து 1909இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். பூசா 4, பூசா 12 முதலிய வகைகள் அவர்கள் உழைப்பில் வெளிவந்தன. கோடை உழவால் மழையீரத்தைக் காத்தும், பாசன நீரைச் சிக்கனமாகச் செலவிட்டும் நல்ல விளைச்சல் எடுக்கலாம் என்று அவர்கள் வலியுறுத்தியது, பயிர் தன் பருவத்துக்குள் முடிய வேண்டும் என்ற பழைய உழவறிவோடு ஒத்துப்போனது. 1934ஆம் ஆண்டுப் பிகார் நிலநடுக்கத்தில் பூசாவின் கட்டடங்கள் சிதைந்தன. நிலையம் 1936இல் தில்லிக்கு மாறியது.

பெரும் திருப்பம் 1960களில் நேர்ந்தது. நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமைகளை, கும்பகோணத்தில் பிறந்தவரும் தில்லி நிலையத்தில் பணியாற்றியவருமான மா. சா. சுவாமிநாதனும் அவருடன் உழைத்த அறிவியலாரும் இந்திய வயல்களில் சோதித்துப் பரப்பினர். 1966இல் 18,000 டன் மெக்சிகோ விதை இறக்குமதி ஆயிற்று. தொடர்ந்து கல்யாண்சோனா, சோனாலிகா என்னும் வகைகள் பரவின. 1964-65இல் 12 மில்லியன் டன் அளவில் இருந்த விளைச்சல் 1968இல் ஏறத்தாழ 17 மில்லியன் டன்னை எட்டியது. பஞ்சத்தின் நிழலில் இருந்த நாட்டுக்கு இது எத்தகைய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் விதைப்பு நாள் இங்கேதான் முதன்முறையாக இடம் பெயர்ந்தது. மண்ணைத் துளைத்து வரும் முளைக்குருத்துறை குட்டை வகைகளில் நீளம் குறைந்தது ஆகையால், அவற்றை ஆழமாக விதைக்க இயலவில்லை. 5 சென்டிமீட்டர் அளவு ஆழமே ஏற்றதாயிற்று. அக்டோபர் வெப்பத்தில் விதைத்தால் அவை முதிராத நிலையிலேயே கதிர் விட்டதால், விதைப்பு இரண்டு மூன்று வாரங்கள் தள்ளி நவம்பர் முதல் பாதிக்குச் சென்றது. உரமும் நீரும் தந்த பெருவிளைச்சலின் முன் இந்தத் தள்ளிவைப்பு பெரிதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது பெயர்வுக்குக் காரணம் நெல். ஆழ்துளைக் கிணறுகளும், மின்சாரச் சலுகையும், அரசின் உறுதியான கொள்முதலும் சேர்ந்து, நெல்லுண்ணும் வழக்கம் குறைந்த பஞ்சாபிலும் அரியானாவிலும் கோடைக்குப் பிந்தைய நிலத்தை நெல் வயலாக்கின. 1970-71இல் பஞ்சாபில் 4 லட்சம் ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த நெற்பரப்பு, பின்னாளில் 30 லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பெருகியது. நெல் அறுவடையாகி, சேறு காய்ந்து, நிலம் பலமுறை உழுது பண்பட்ட பிறகே கோதுமை விதைக்க முடிந்தது. கிழக்கே பிகாரில், நீண்டகால நெல் வகைகளுக்குப் பின் கோதுமை விதைப்பு டிசம்பருக்கும் தள்ளிப்போனது. உகந்த நாளைக் கடந்து தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சல் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது என்பதைச் சமவெளியின் பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. அந்த இழப்பின் பெரும்பகுதி பின்பருவ வெப்பத்தின் வழியாகவே வருகிறது. குறுகிய காலத்தில் முற்றும் சோனாலிகா பிந்திய விதைப்புக்கு ஏற்ற வகையாகப் பல்லாண்டுகள் நின்றதற்கும் இதுவே காரணம்.

நிலத்தடி நீர் இறங்குவதைத் தடுக்கப் பஞ்சாபும் அரியானாவும் 2009இல் இயற்றிய சட்டங்கள் நெல் நடவை ஜூன் நடுப்பகுதியை நோக்கித் தள்ளியதால் நெல் அறுவடையும் தள்ளிப்போய், அதற்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை அகற்ற நேரமில்லாத உழவர் அதற்குத் தீயிட்டனர். தில்லியின் நவம்பர்ப் புகையைப் பற்றிப் பேசுவோர் அதை உழவரின் பொறுப்பின்மையாகக் காண்பது நியாயமன்று. நாள் தவறினால் பங்குனியில் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விதைப்பு நாள் தள்ளிப்போகும் சிக்கலை, இச்சட்டங்களுக்கு முன்பே, முதலில் நேராக எதிர்கொண்டது, பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்று 1990களின் பிற்பகுதியில் அரியானாவில் பரவிய உழவில்லா விதைப்பு எனலாம். களைக்கொல்லிக்கு அடங்காத ஒரு புல்வகையை ஒடுக்கும் நோக்கில் ஏற்கப்பட்ட இம்முறை, உழவுக்கு ஆகும் நாட்களை மிச்சப்படுத்தியதால் கோதுமைக்கு இழந்த நாட்களில் சிலவற்றை மீட்டுத் தந்தது. நிற்கும் தாளின் ஊடே விதைக்கும் 'ஹேப்பி சீடர்' கருவி பின்னர் அதை மேலும் முன்னெடுத்தது.

வெப்பத்தின் பங்கை அளந்து காட்டும் சான்றுகளும் இக்காலத்தில் வலுப்பெற்றன. வட இந்திய வயல்களின் ஒன்பது ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை டேவிட் லோபெலும் உடன் ஆய்ந்தோரும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, 34 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பயிரின் முதுமையை, அதாவது இலைகள் பச்சையம் இழந்து காய்வதை, வழக்கமான கணிப்புகள் காட்டியதைவிட விரைவுபடுத்துகிறது என்று நிறுவியது. பத்தாண்டுகளில் அதற்கு நாடு தழுவிய சான்று கிடைத்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாட்டின் சராசரி உச்ச வெப்பநிலை 33.1 பாகை, 1901 முதல் உள்ள பதிவுகளில் அம்மாதத்துக்கு இதுவே மிக உயர்ந்தது. 111 மில்லியன் டன் என முதலில் மதிப்பிடப்பட்ட விளைச்சலை அரசு மே மாதத்தில் 106 மில்லியன் டன்னாகக் குறைத்தது. மே 13 அன்று ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பஞ்சாபிலும் அரியானாவிலும் கொள்முதலில் ஏற்கப்படும் சுருங்கிய மணிகளின் அளவு 6 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. முந்தைய ஆண்டு 43 மில்லியன் டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 19 மில்லியன் டன்னுக்கும் கீழே சென்றதற்கு வெளிச்சந்தையின் கூடிய விலையும் ஒரு காரணம் ஆயினும், அதன் விளைவு தெற்கிலும் எட்டியது: இலவச உணவுத் திட்டத்தின் கீழ்க் கேரளம், பிகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்குக் கோதுமை நிறுத்தப்பட்டு அரிசி மட்டுமே வழங்கப்பட்டது.

கதிர் வரும் பருவத்தில் இலேசான பாசனம், பொட்டாசியம் நைட்ரேட்டுத் தெளிப்பு, வெப்பத்திலும் இலைப்பரப்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும் வகைகள் எனப் பல வழிகள் இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. அக்டோபர் இறுதியில் விதைத்தாலும் முன்கூட்டியே கதிர் விடாத புதிய வகைகளும் வெளிவந்துள்ளன. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே வரலாற்றின் போக்கை அறிந்து செய்யப்பட்ட முயற்சி. எனினும் வயல் காலியானால்தான் அந்த விதை முன்னதாக மண்ணுக்குள் போகும் ஆதலால், கோதுமையின் விதைப்பு நாளை நிர்ணயிப்பது அதற்கு முன் நிற்கும் நெல்லே. நடவிலிருந்து ஏறத்தாழ 93 நாட்களில் முற்றும் பி.ஆர். 126 என்னும் நெல் வகையைப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் முன்னிறுத்துகிறது. விதைப்பிலிருந்து முற்ற ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகும் பூசா 44 நெல் வகையைத் தடைசெய்வதாகப் பஞ்சாப் அரசு 2023இல் அறிவித்தது.